அதே பக்கம், அதே இடம்

அவவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிடவில்லை. அந்தப் பெயரில் எழுத்துகள் இரண்டிரண்டாக வரும். தமிழில் எழுதினால் எங்கேயாவது ஒன்று குறையும், இல்லாவிட்டால் ஒன்று கூடும். அது அச்சிலும் ஏறிவிட்டால், ஆள் செத்து எத்தனையோ வருசம் என்றாலும், காதில் சொருகின பென்சிலோடு படியேறி வந்துவிடுவா என்று எனக்கு இப்போதும் பயம். ஆகவே நாங்கள் கூப்பிட்ட மாதிரியே மடாம் என்று எழுதுகிறேன். பாரிசின் லா சப்பலில் மடாம்மாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எங்கள் கட்டடத்தில் மடாம் என்றால், ஆறாம் மாடியில் கூரைக்குக் கீழே ஒற்றை அறையில் இருந்த அந்தப் பின்லாந்துக் கிழவிதான்.

நாங்கள் ஐந்தாம் மாடி. எண்பதுகளின் நடுப்பகுதி. காலையில் ஒபர்வில்லியேயில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போவேன். மத்தியானத்தில் வீட்டுக்கு வந்து தமிழ்த் தட்டச்சு மெஷினுக்கு முன்னால் குந்துவேன். யாழ்ப்பாணத்தில் தட்டச்சுப் படித்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக ‘ஈரக்கை’யின் ஸ்டென்சில் மெழுகுத்தாள் அடிப்பது முழுவதும் என் தலையில் விழுந்திருந்தது. ‘ஈரக்கை’ என்பது எங்கள் பத்திரிகை. மாதம் ஒன்று, நாலு தாள், ரோனியோ மெஷினில் சுற்றி எடுப்பது. ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவுகிறவர்கள், தரை துடைக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாருக்கும். ஆசிரியர் செல்வராசா அண்ணை. அவரும் கோப்பை கழுவுகிறவர்தான், ஆனால் ஆசிரியர் என்று கூப்பிட்டால் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்பார்.

ஒரு நாள் நான் அடித்துக்கொண்டிருக்கக் கதவு தட்டப்பட்டது. சத்தத்துக்குச் சண்டை பிடிக்க மேல்மாடிக் கிழவி வந்துவிட்டா என்று நினைத்துக்கொண்டு திறந்தேன். நெட்டையாக, வெள்ளைத் தலையோடு, காதில் பென்சிலோடு நின்றா.

“நீ அடிக்கடி திரும்பிப் போறாய்,” என்றா. “மேலை எனக்குக் கேக்குது. பத்துத் தட்டு, பிறகு ஒண்டு பின்னாலை. பத்துத் தட்டு, பிறகு ஒண்டு பின்னாலை. என்ன பிழை விடுறாய்?”

எங்கள் இருவரின் பிரெஞ்சும் இரவல் பிரெஞ்சு. அதனால் ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கியது. அவ சொன்னதை எல்லாம் நான் யாழ்ப்பாணத் தமிழில்தான் நினைவு வைத்திருக்கிறேன், வேறு மாதிரி எனக்கு வராது. அவ எல்லாரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவா. என்னை, பாண்கடைக்காரரை, வீட்டுச் சொந்தக்காரரை, கார்த் து செஜூர் என்ற வதிவிட அட்டையைப் பார்க்க வந்த பொலிஸ்காரரை. “எங்கடை பேப்பரிலை ஒருத்தருக்கும் ‘நீங்கள்’ இல்லை,” என்பா. அந்தப் பேப்பரில் வேலை செய்வதை அவ விட்டு ஐம்பது வருசத்துக்கு மேல்.

பின்லாந்தில், ஏரிகளுக்கு நடுவில் இருந்த ஒரு ஆலைப் பட்டினத்தின் தொழிலாளர் பத்திரிகை அது. மர ஆலைக்காரரும் நூல் ஆலைப் பெண்களும் சேர்ந்து தொடங்கினது. மடாமின் தகப்பன் அங்கே அச்சு எழுத்துக் கோர்ப்பவர், பிறகு மகளும். பிரெஞ்சுக்காரன் ஒருவனைக் கட்டிப் பாரிசுக்கு வந்து, ஓய்வு எடுக்கும்வரை இங்கேயும் ஒரு அச்சகத்தில் ஈய எழுத்துப் பொறுக்கினவ. ஆனால் “பேப்பர்” என்று வெறுமனே சொன்னால் அவவுக்கு அந்த ஒரு பேப்பர்தான்.

அவவின் குணத்தை ஒரு வசனத்தில் சொல்லலாம். அச்சில் ஒரு பிழை இருந்தால் அவவால் அதைக் கடந்து போக முடியாது. பேசும்போது அவவே தாராளமாகப் பிழை விடுவா, வெட்கமே இல்லை. “கதைக்கேக்கை விடுறது காத்தோடை போயிடும். அச்சிலை விட்டது நிக்கும்,” என்பா. கட்டடக் காவல்காரி கீழே ஒட்டும் அறிவித்தல்களை ஒவ்வொரு கிழமையும் பென்சிலால் திருத்துவா. காவல்காரி ஏசுவாள், பிறகு திருத்தின மாதிரியே எழுதி ஒட்டுவாள். ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் எங்கள் ஆள் ஒருவரின் ரெஸ்ரோரண்டுக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். பிரெஞ்சில் அடித்த சாப்பாட்டுப் பட்டியலைக் கொண்டுவந்து வைத்தார்கள். மடாம் ஆட்டுக்கறியில் ஒரு எழுத்தை வெட்டினா, கோழியில் ஒன்றைச் சேர்த்தா, இறாலை முழுவதும் திருப்பி எழுதினா. முதலாளிக்கு முகம் கறுத்துப்போனது. அடுத்த மாதம் புதுப் பட்டியல் அடிக்க முதல், அவரே அதைத் தூக்கிக்கொண்டு ஆறு மாடி ஏறி மூச்சிரைக்க வந்தார்.

பிரெஞ்சுப் பிழையைப் பிடிப்பது பெரிய காரியமில்லை. அவ தமிழ்ப் பிழையையும் பிடித்தா. அதுதான் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் விளங்காத விசயம்.

செல்வராசா அண்ணை என் வீட்டில் இருந்து, அச்சடித்த இதழைப் பெருமையோடு புரட்டிக்கொண்டிருந்தார். மடாம் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றி, மூக்கு முட்டப் பார்த்தா. பிறகு பென்சிலால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டா.

“இது ரெண்டும் ஒரே சொல்லோ?”

“ஓம் மடாம். எங்கடை நாட்டிலை ஒரு ஊர்.”

“அப்ப ஏன் இதுக்கு ஒரு சுழி கூட?”

பார்த்தால், மேலே ‘மன்னார்’, கீழே ‘மண்ணார்’. செல்வராசா அண்ணை தாளை வாங்கி உற்றுப் பார்த்தார்.

“இவ ஆரிட்டைத் தமிழ் படிச்சவ?” என்றார் என்னைப் பார்த்து, சந்தேகத்தோடு.

“எனக்குத் தமிழ் தெரியாது,” என்றா மடாம், கேள்வி விளங்கின மாதிரி. “எழுத்துப் பொறுக்கிறவை சொல்லை வாசிக்கிறேல்லை, உருவத்தைப் பாக்கிறனாங்கள். அதுவும் தலைகீழாய்.”

அன்றையில் இருந்து மாதம் ஒருமுறை ஸ்டென்சிலைப் பிடித்துப் பார்க்க வந்துவிடுவா. திருத்து மையின் நெடி அடிக்கிற அறையில், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பா. எங்கள் பெரிய தலையிடி புள்ளி. தட்டச்சில் புள்ளியைக் கொஞ்சம் பலமாகத் தட்டினால் ஸ்டென்சில் ஓட்டையாகி மை ஒழுகும். மெல்லமாகத் தட்டினால் புள்ளியே விழாது. இப்படித்தான் ஒரு விளம்பரத்தில் ‘பால் அப்பம்’ தன் புள்ளியை இழந்து ‘பால அப்பம்’ ஆனது. ஒரு மாதமாக அந்தக் கடைக்குப் போனவர்கள் எல்லாரும், “எந்தப் பாலத்து அப்பம் அண்ணை? ரயில் பாலமோ, கால்வாய்ப் பாலமோ?” என்று கேட்டு மனுசனை அழப் பண்ணினார்கள்.

இதை மடாமுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா.

“உங்களுக்கு ஒரு புள்ளிதானே. எங்களுக்கு ஒரு எழுத்துக்கு மேலை ரெண்டு.” அப்போதுதான் பனிக் கதையைச் சொன்னா. அவவின் நாட்டு உள்நாட்டுப் போர் முடிந்து, வென்ற பக்கத்துச் சிப்பாய்கள் பேப்பர் அடிக்கிற கந்தோருக்குள் புகுந்தார்களாம். எழுத்துப் பெட்டி எல்லாவற்றையும் ஜன்னலால் முற்றத்துப் பனியில் கொட்டினார்களாம். மடாமுக்கு அப்போது எட்டு வயது. தெருவில் இருந்த பெண்களும் குழந்தைகளும் பனியைக் கிளறி எழுத்துப் பொறுக்கி, பாவாடை மடிப்பிலும் காலுறைக்குள்ளும் ஒளித்துக் கொண்டுபோனார்களாம். பேப்பர் திரும்பத் தொடங்கினபோது எல்லா எழுத்தும் இருந்தது, அந்த இரட்டைப் புள்ளி எழுத்து மட்டும் காணவில்லை. பின்லாந்துப் பாஷையில் அது இல்லாமல் ஒரு வசனம் நகராது என்றா. இரண்டு வருசமாகத் தலையங்கம் எழுதுகிறவர் அந்த எழுத்து வராத சொல்லாகத் தேடித் தேடி எழுதினாராம். “அந்த ரெண்டு வருசமும்தான் அந்தாளுக்கு நல்ல நடை இருந்தது.”

பழைய பெயர் தடை. புதுப் பெயரில் தொடங்கினார்கள். பிறகு தொழிலாளருக்குள்ளேயே இரண்டு கட்சி. ஒரே அறையில் இரண்டு ஆசிரியர், இரண்டு மூலையில், ஆளையாள் முகம் பார்க்காமல். ஒருவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டியதை எழுத்துக் கோர்ப்பவர்களிடம் துண்டில் எழுதிக் கொடுப்பாராம். பிறகு ஒரு பக்கம் பிரிந்து போய் வேறு பேப்பர். எஞ்சினது திரும்பத் தடை, திரும்பப் பெயர் மாற்றம். “மொத்தம் அஞ்சு பேர்,” என்று மடாம் விரலை விரித்துக் காட்டினா.

“பேர் மாத்துறதிலை எங்கடை ஆக்களையே வெண்டிட்டினம்,” என்றார் செல்வராசா அண்ணை. அவரிடமே அந்த நேரம் இரண்டு பெயர் இருந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மரியதாசின் விசயம் நடந்தது.

மரியதாஸ் மன்னார் ஆள். ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோரண்டின் குசினியில், நம்முடைய ஆட்கள் இன்னும் இரண்டு பேரோடு கோப்பை கழுவினவர். அதிகம் பேசாதவர். ஒரு காலை அந்தக் குசினிக்குள் வேலைப் பரிசோதகர்கள் வந்தார்கள். மற்ற இரண்டு பேருக்கும் வதிவிடப் பேப்பர் இல்லை. ஒருவர் பின்கதவால் ஓடித் தப்பினார், மற்றவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்குப் பார்த்து மரியதாஸ் வேலைக்கு வரவில்லை.

செல்வராசா அண்ணை ஆறு வரி எழுதினார். முதல் பக்கம், கீழே, இடது பக்கம். பெயர் போடவில்லை. ‘அதே குசினியில் வேலை செய்யும், மன்னாரில் இருந்து வந்த ஒருவர், அன்று காலை மட்டும் வராமல் நின்றது ஏன் என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள்’ என்று முடிந்தது. அடித்தது நான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று காலை மரியதாசை மெத்ரோவில் நான் கண்டேன். கன்னம் வீங்கி, கைலேஞ்சியை வாயில் பொத்திக்கொண்டு நின்றார். “பல்லுப் பிடுங்கப் போறன் அக்கா,” என்று சைகையும் சொல்லுமாகச் சொன்னார். அந்த ஆறு வரியை அடிக்கும்போது அது எனக்கு ஞாபகம் வந்தது. பல்லுப் பிடுங்கினவர் காட்டியும் கொடுத்திருக்கலாம்தானே என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. அடித்து முடித்தேன். ஒரு புள்ளிகூடப் பிழைக்கவில்லை.

இதழ் வந்த மூன்றாம் நாள், மரியதாஸ் இருந்த அறைக்காரர் அவருடைய படுக்கையைச் சுருட்டிப் படியில் வைத்தார்கள். கடைகளில் அவர் உள்ளே வந்தால் பேச்சு நிற்கும். அவர் ஓல்னே-சூ-புவாவில் தூரத்துச் சொந்தம் ஒன்றின் வீட்டுக்குப் போனார். அங்கேயும் கதை முதலே போய்ச் சேர்ந்திருந்தது. ஞாயிறு பூசையில் அவர் இருந்த வாங்குப் பலகையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பத்து நாள் கழித்து, பிடிபட்டவரை விட்டார்கள். நேரே செல்வராசா அண்ணையிடம் வந்தார். நானும் நின்றேன்.

“அண்ணை, ஆர் உங்களுக்கு மரியதாஸ் எண்டு சொன்னது? ரெஸ்ரோரண்டுக்கு மேல் வீட்டிலை இருக்கிற கிழவி ஒண்டு, புகை மணம் தாங்கேலாது எண்டு கடிதம் போட்டிருக்கு. அந்தக் கடிதத்தை எனக்கு முன்னாலை வைச்சுத்தான் வாசிச்சவை.”

செல்வராசா அண்ணை அந்த இதழை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, “சரி. நாங்கள் அவற்ரை பேர் போடேல்லைத்தானே. இனி ஒண்டும் எழுதாமல் விடுவம். சனம் மறந்துபோகும்,” என்றார்.

அந்த மாதம் மடாம் ஸ்டென்சில் பார்க்க வந்தபோது நான் அவவின் முகத்தைப் பார்க்காமல் அதை நீட்டினேன். அவ ஸ்டென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

“பிழை இதிலை இல்லை. எங்கை?”

எல்லாவற்றையும் சொன்னேன், மெத்ரோவில் கண்டதையும். மடாம் என் கட்டிலில் இருந்தா. அவ அப்படி இருந்து நான் கண்டதில்லை, எப்போதும் நின்றபடிதான்.

அவ சொன்ன கதை அவவுக்குப் பத்தொன்பது வயதில் நடந்தது. ஒரு வேலைநிறுத்தக் குழு கூடின இடம் பொலிசுக்குத் தெரிந்துவிட்டது. பேப்பரின் அச்சு மெஷின்காரன்தான் காட்டிக்கொடுத்தவன் என்று ஆசிரியர் எழுதினார், பெயரோடு. கோர்க்கக் கொடுத்தது மடாமிடம். காட்டிக்கொடுத்ததாகச் சொன்ன அந்த நாள் முழுக்க அவன் மடாம் வீட்டில் அடுப்புப் புகைபோக்கி திருத்திக்கொண்டு நின்றவன். அதை ஆசிரியருக்குச் சொன்னா. “உன்ரை வேலை எழுத்துக் கோக்கிறது,” என்றார் அவர். கோர்த்தா.

“அதை மெஷினிலை ஏத்தினது ஆர் எண்டு நினைக்கிறாய்?” என்றா மடாம். “அவன்தான். வேறை மெஷின்காரன் எங்களிட்டை இல்லை. முதல் தாள் வெளியிலை வர எடுத்து வாசிச்சான். பிறகு மெஷினை ஓட்டினான். கடைசித் தாள் வரைக்கும். ஒரு தாள் குறையேல்லை. கையைக் கழுவினான், கோட்டைப் போட்டான், போயிட்டான். பனியிலை சறுக்கிக்கொண்டு எல்லை தாண்டி ரஷ்யாவுக்குப் போனவன் எண்டு சொல்லுவினம். பிறகு ஒரு கடிதமும் இல்லை.”

உண்மை தெரிய ஒரு கிழமை எடுத்தது. ஆசிரியர் திருத்தம் எழுதினார். அதையும் மடாமே கோர்த்தா. அது மெஷின் ஏற முதல் அரசாங்கம் பேப்பரை ஒரேயடியாகப் பூட்டிவிட்டது.

“நானாவது வாயைத் திறந்து சொன்னனான்,” என்றா, என்னைப் பார்க்காமல். “நீ சொல்லவும் இல்லை.”

எழும்பிப் பொல்லை எடுத்துக்கொண்டு ஐந்து மாடி இறங்கினா. நான் பின்னால் ஓடினேன். செல்வராசா அண்ணை இரண்டு தெரு தள்ளி இருந்தார். கதவைத் திறந்தவர் மடாமைக் கண்டதும் தேத்தண்ணி வைக்கப் போனார். மடாம் வேண்டாம் என்றா.

“அதே பக்கம், அதே இடம், அதே அளவு எழுத்து,” என்றா. “ஆறு வரிக்கு ஆறு வரி.”

“மடாம், நாங்கள் பேர் போடேல்லை.”

“பழி சொல்லேக்கை பேர் போடாமலே எல்லாருக்கும் விளங்கினது. திருத்தத்திலை பேர் போடாட்டி ஒருத்தருக்கும் விளங்காது. பேர் போடு.”

“பேப்பருக்கு மரியாதை போயிடும். பிறகு ஆர் எங்களை நம்புவினம்?”

“எங்கடை பேப்பர் அஞ்சு பேரிலை வந்தது,” என்றா மடாம். “சிப்பாய் வந்தும் அதுக்கு மரியாதை போகேல்லை, சட்டம் வந்தும் போகேல்லை. நான் அதைப் பற்றி ஆருக்குக் கதை சொன்னாலும், அந்த மெஷின்காரனிட்டை வந்த உடனை நிப்பாட்டிப் போடுவன். உனக்கும் இவ்வளவு நாளாய்ச் சொல்லேல்லை. இதுதான் பேப்பருக்கு மரியாதை போறது.”

மெஷின்காரனின் கதையையும் சேர்த்து நான் மொழிபெயர்த்து முடித்தேன். செல்வராசா அண்ணை போய்த் தேத்தண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம், “எழுதுங்கோ பிள்ளை, நான் சொல்லுறன்,” என்றார். ‘மரியதாஸ் அன்று பல் வைத்தியரிடம் போயிருந்தார். நாங்கள் விசாரிக்காமல் எழுதினோம். பிழை எங்களுடையது.’ கீழே அவருடைய பெயர், இரண்டில் உண்மையானது. அதற்குக் கீழே என் பெயரையும் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஓல்னேக்கு நாங்கள் இரண்டு பேரும் இதழைக் கொண்டுபோனோம். மரியதாஸ் வாசலிலேயே நின்று வாசித்தார். இரண்டு தரம். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை. “இன்னும் எத்தினை இருக்கு?” என்று கேட்டார். மிச்சம் எல்லாம் தன்னிடம் தரச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை லா சப்பல் மெத்ரோப் பாலத்துக்குக் கீழே ஒரு ஆள் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி இழுத்து, கட்டுக் கட்டாக ‘ஈரக்கை’யோடு நின்றார். அந்தப் பேசாத மனுசன், “முதல் பக்கம், கீழை, இடது பக்கம்!” என்று கூவிக் கூவிக் கொடுத்தார். தமிழருக்குக் கொடுத்தார், அரபு ஆட்களுக்குக் கொடுத்தார், ஒரு பிரெஞ்சுப் பாதிரியாருக்கு இரண்டு கொடுத்தார். முன்னைய அறைக்காரர்கள் வந்தபோது, அவர்கள் நின்று வாசித்து முடிக்கும்வரை வழி விடவில்லை. அன்றையில் இருந்து ‘ஈரக்கை’ விநியோகம் அவர் பொறுப்பு. ஆனால் செல்வராசா அண்ணையோடு அவர் திரும்பச் சிரித்துப் பேச ஒரு வருசம் எடுத்தது. என்னோடு அதைவிடக் கொஞ்சம் கூட.

பிறகு ஒருநாள் மடாமிடம் கேட்டேன்: “உங்கடை திருத்தத்தையும் நாங்கள் ‘ஈரக்கை’யிலை போடட்டோ?”

“விசரோ உனக்கு? திருத்தம் எண்டது பிழையை வாசிச்ச ஆக்களுக்கு. உன்ரை கோப்பை கழுவுற ஆக்கள் அவனைப் பற்றி என்ன வாசிச்சவை?”

அந்தப் பட்டினத்தில் இன்னும் ஒரு தொழிலாளர் பேப்பர் வந்துகொண்டிருந்தது, பழைய காலத்தில் பிரிந்துபோன மற்றப் பக்கத்தின் வழி. மடாம் முன்பே மூன்று தரம் எழுதியிருக்கிறா. மூன்று தரமும் ஒரே பதில்: அந்தப் பிழை எங்களுடையது இல்லை, அது மற்றவர்களின் பேப்பர். இப்போது நாலாம் தரம் எழுதினா. கடிதத்தோடு ‘ஈரக்கை’யின் முதல் பக்கத்தையும் வைத்தா. இந்த ஆட்கள் ஒரு மாதத்தில் செய்ததை நீங்கள் ஐம்பது வருசமாகச் செய்யவில்லை என்று எழுதினதாகச் சொன்னா.

வசந்த காலத்தில் தடித்த உறை ஒன்று வந்தது. மடாம் என் வீட்டுக்கே கொண்டுவந்து, மேசையில் வைத்துத் திறந்தா. பேப்பர். முதல் பக்கம், கீழே, ஒரு சின்னப் பெட்டிக்குள் மெஷின்காரனைப் பற்றின திருத்தம். பக்கத்தில் எங்கள் ‘ஈரக்கை’யின் படம். அந்த ஊரில் ஒருவருக்கும் தமிழ் தெரியாதுதானே, தலைகீழாகப் போட்டிருந்தார்கள்.

உறைக்குள் ஆசிரியரின் கடிதமும் இருந்தது, இளம் ஆளாம். மெஷின்காரனின் தங்கச்சி இன்னும் அந்தப் பட்டினத்தில்தான் இருக்கிறாவாம். இவ்வளவு காலமும் தொழிலாளர் பேப்பர் எதுவும் அந்த வீட்டு வாசல் மிதிக்கவில்லை. திருத்தம் வந்த அன்று காலை மனுசி பொல்லூன்றிக் கந்தோருக்கே வந்து ஒரு பிரதி கேட்டு வாங்கி, அங்கேயே இருந்து வாசித்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாவாம்.

இதை மடாம் வாசித்து வாசித்து எனக்குப் பிரெஞ்சில் சொன்னா. நான் அவவின் தோளைத் தொட்டேன். மடாம் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் துடைத்தா. பிறகு, பழக்கதோசம், அந்தப் பெட்டிச் செய்தியை மூக்கு முட்டப் பிடித்து இன்னொருமுறை வாசித்தா.

“ஐயோ,” என்றா.

“என்ன மடாம்?”

“அவனை ஆசிரியர் எண்டு போட்டிருக்கிறாங்கள்.”

“மெஷின்காரனையோ?”

“‘எமது முன்னாள் ஆசிரியர்’ எண்டு இருக்கு! அவனைப் பற்றி இந்தப் பொய்யை எழுதினதே ஆசிரியர்தான். அவன் ஆசிரியர்மாரோடை ஒரு மேசையிலை இருந்து தேத்தண்ணிகூடக் குடிக்க மாட்டான்.”

“விடுங்கோ மடாம். மரியாதையாய்த்தானே போட்டிருக்கினம்.”

மடாம் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

“அந்த மனுசி ஐம்பது வருசத்துக்குப் பிறகு ஒரு பேப்பர் வாங்கியிருக்கிறா. வாங்கினது பிழை இதழ்!”

பென்சில் காதில் இருந்து இறங்கிவிட்டது. என் தட்டச்சுத் தாளில் ஒன்றை உருவி, மேசை ஓரத்தில் நின்றபடியே எழுதத் தொடங்கினா. நான் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, போஸ்டுக்குப் போறன், முத்திரை வாங்கிக்கொண்டு வாறன் என்றேன்.

“ரெண்டாய் வாங்கு,” என்றா தலை நிமிராமல். “அவங்கள் திரும்பவும் பிழை விடுவாங்கள்.”